வெளிநாட்டு மருத்துவமனை வேலையும் வெப்பமண்டல நோய்களும்: நம் கரையோரத்தில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தங்கச்சிமடத்துக்குப் பக்கத்தில் ஒரு மீனவ ஊர் எனக்கு. லேப் டெக்னீஷியன் படிப்பை முடித்து மதுரைப் பக்கம் மூன்று வருடம் வேலை பார்த்தேன். பிறகு தான்சானியாவில், விக்டோரியா ஏரியின் தென்கரையில் இருக்கும் முவான்சா நகரத்தை ஒட்டிய ஒரு மருத்துவமனைக்குப் போய் ஐந்து வருடம் இருந்தேன். ஊருக்குத் திரும்பியதிலிருந்து மண்டபம், பாம்பன், கீழக்கரை, தேவிபட்டினம், தொண்டி என்று பல ஊர்களிலிருந்து ஆட்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். போகப்போகிற பிள்ளைகள், அவர்களைப் பெற்றவர்கள், வேலை முடிந்து காய்ச்சலோடு திரும்பியவர்கள் என்று எல்லோருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே ஒன்றாக எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. மைக்ரோஸ்கோப் முன்னால் உட்கார்ந்து கற்றதும், கூட வேலை பார்த்த டாக்டர்களிடமும் நர்ஸுகளிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டதும்தான் இதில் இருக்கிறது.

வெப்பமண்டல நோய் என்றால் என்ன? நம்ம ஊரும் வெயில் ஊர்தானே?

நம்ம ஊரும் அதில் சேர்ந்ததுதான். ஆப்பிரிக்காவையும் ஆசியாவையும் ஆளப் போன ஐரோப்பியர்கள் அங்கே தங்கள் ஆட்களைக் கொன்ற நோய்களைத் தனியாகப் படிக்க ஆரம்பித்தபோது வைத்த பெயர் அது. இதற்கென்றே 1898-ல் லிவர்பூலிலும் 1899-ல் லண்டனிலும் பள்ளிகள் திறந்தார்கள். அதற்கு முன்பே, 1897 ஆகஸ்ட் 20-ஆம் தேதி, செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் கொசுவின் வயிற்றுக்குள் மலேரியாக் கிருமியைப் பார்த்துவிட்டார். அறிவு நம் பக்கம் கிடைத்தது, படிப்பு அங்கே போய் உட்கார்ந்தது.

வெயில் மட்டும் இந்த நோய்களைக் கொண்டுவருவதில்லை. நல்ல தண்ணீர் இல்லாத ஊர், கொசுவலை வாங்க முடியாத வீடு, செருப்பில்லாத கால், இவைதான் பெரிய காரணம். உலக சுகாதார நிறுவனம் 'புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்கள்' என்று 20-க்கும் மேல் பட்டியல் வைத்திருக்கிறது. யானைக்கால், தொழுநோய், வெறிநாய்க்கடி, டெங்கு, பாம்புக்கடி எல்லாம் அதில் உண்டு. படித்துப் பார்த்தால் நம் மாவட்டத்தைப் பற்றி எழுதியதுபோலவே இருக்கும்.

இங்கேயே மலேரியா ஸ்லைடு பார்த்திருக்கிறேன். அங்கே போய்ப் புதிதாகக் கற்க என்ன இருக்கிறது?

நானும் இதே நினைப்போடுதான் போனேன். போன இரண்டாவது வாரம் ஒரு குழந்தையின் ஸ்லைடைப் பார்த்து 'கிருமி இல்லை' என்று எழுதிவிட்டேன். சீனியர் டெக்னீஷியன் அந்த ஊர்க்காரர், வயதானவர். திட்டவில்லை. ஸ்லைடை எடுத்துத் திரும்ப வைத்து, எண்ணெய் ஒரு சொட்டு விட்டு, "இன்னும் நூறு இடம் பார்" என்றார். அறுபதாவது இடத்தில் கண்ணில் பட்டது. நூலிழை மாதிரி ஒரு மோதிரம், அதன் மேல் இரண்டு சிவப்புப் புள்ளி, காதில் மாட்டுகிற ஹெட்ஃபோன் போல. அதற்குப் பிறகு பார்த்த இடமெல்லாம் அதுதான். முன்பும் அங்கேதான் இருந்திருக்கிறது, என் கண்தான் பழகவில்லை.

நான் இங்கே அதிகம் பார்த்தது வைவாக்ஸ் வகை மலேரியா. அதில் கிருமி புகுந்த ரத்த அணு உப்பிப் பெரிதாகும், உள்ளே புள்ளி புள்ளியாகத் தெரியும், தேடவே வேண்டாம். அங்கே பெரும்பாலும் பால்சிபாரம் என்ற வகை. அணு பெரிதாகாது, மோதிரம் மெல்லியதாக இருக்கும், ஒரே அணுவுக்குள் இரண்டு மூன்றுகூட இருக்கும். வளர்ந்த கிருமிகள் உடம்பின் உள்ளே சின்ன ரத்தக் குழாய்களில் ஒட்டிக்கொள்வதால் விரல் நுனி ரத்தத்தில் சின்ன மோதிரங்கள்தான் பெரும்பாலும் கிடைக்கும். அதனால் நோய் முற்றிய ஆளின் ஸ்லைடிலும் கிருமி குறைவாகத் தெரியலாம். ஒரு ஸ்லைடில் இல்லை என்றால் நோய் இல்லை என்று முடிவுகட்டக் கூடாது, 12 முதல் 24 மணி நேரம் விட்டு மறுபடி எடுக்க வேண்டும், மூன்று முறையாவது பார்க்க வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

ஸ்லைடு என்கிற கண்ணாடித் துண்டில் ரத்தத்தை இரண்டு விதமாகப் பூசுவோம். கெட்டிப் பூச்சில் கிருமி இருக்கிறதா என்று தேடலாம், மெல்லிய பூச்சில் எந்த வகை என்று பிரிக்கலாம். மெல்லியதை மெத்தனாலில் நிலைப்படுத்த வேண்டும், கெட்டிப் பூச்சின் மேல் மெத்தனால் படவே கூடாது. புத்தகத்தில் இது ஒரு வரி. ஒரு நாளைக்கு எண்பது ஸ்லைடு போடும்போதுதான் அந்த ஒரு வரியின் அருமை தெரியும். கரண்ட் போனால் மைக்ரோஸ்கோப்பின் கண்ணாடியை ஜன்னல் வெயிலுக்குத் திருப்பிவைத்துப் பார்ப்போம். அந்தப் பழக்கம் இன்னும் என் கையை விட்டுப் போகவில்லை.

கார்டு டெஸ்ட் இருக்கும்போது ஸ்லைடு எதற்கு?

ஒரு சொட்டு ரத்தத்தை அட்டையில் விட்டு, கோடு விழுகிறதா என்று பார்ப்பதுதான் கார்டு டெஸ்ட். நல்லது, கால் மணி நேரத்தில் பதில் சொல்லிவிடும். ஆனால் பால்சிபாரத்துக்கான கார்டு பெரும்பாலும் கிருமி விடுகிற ஒரு புரதத்தைத் தேடுகிறது. மருந்து தின்று கிருமி செத்த பிறகும் அந்தப் புரதம் பல வாரம் ரத்தத்தில் கிடக்கும். போன மாதம் மலேரியா வந்து குணமானவருக்கு இந்த மாதம் வேறு காய்ச்சல் வந்தாலும் கார்டு கோடு காட்டும். மருந்து வேலை செய்கிறதா, கிருமி எவ்வளவு இருக்கிறது என்பதை ஸ்லைடில் எண்ணித்தான் சொல்ல முடியும். இரண்டும் வேண்டும்.

அந்த ஏரியில் குளிக்கலாமா?

கடற்கரைப் பிள்ளைகளுக்குத் தண்ணீரைப் பார்த்தால் கால் நிற்காது. அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

விக்டோரியா ஏரிக் கரையில் நின்றால் நம் ஊர் மாதிரியே இருக்கும். அக்கரை தெரியாது. படகு, வலை, மீன் வாடை. இரவில் விளக்கு வைத்து 'டகா' என்ற சின்ன மீனைப் பிடித்து வந்து காலையில் மணலில் பரப்பிக் காயவைப்பார்கள். பாம்பன் கரையில் நெத்திலி காய்வதுபோல வெள்ளி வெள்ளியாகக் கிடக்கும். முதல் ஞாயிற்றுக்கிழமை அதைப் பார்த்ததும் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. செருப்பைக் கழற்றிவிட்டு முழங்கால் அளவு தண்ணீரில் இறங்கி நின்றேன்.

கூட வந்த நர்ஸ் கையைப் பிடித்து இழுத்தாள். "கிச்சோச்சோ" என்றாள். சுவாஹிலி மொழியில் நத்தைக் காய்ச்சல் நோய்க்கு அதுதான் பெயர். படித்தவர்கள் பில்ஹார்சியா, சிஸ்டோசோமியாசிஸ் என்பார்கள். 1851-ல் கெய்ரோவில் பில்ஹார்ஸ் என்ற ஜெர்மானிய மருத்துவர் கண்டுபிடித்த புழு அது. நோயாளியின் சிறுநீரிலோ மலத்திலோ முட்டை வெளியேறும், அது நன்னீரில் பொரிக்கும், குஞ்சு ஒரு வகை நத்தைக்குள் புகுந்து பெருகும், பிறகு வெளியே வந்து தண்ணீரில் நிற்கிற மனிதனின் தோலைத் துளைத்து உள்ளே போகும். குடிக்க வேண்டியதில்லை, கால் நனைத்தாலே போதும். கடலின் உப்புத் தண்ணீரில் இந்த நத்தை வாழாது. நம் கடலில் இறங்குகிற பழக்கத்தை அங்கே கொண்டுபோகக் கூடாது என்பதுதான் விஷயம்.

நல்லவேளை, எனக்கு எதுவும் வரவில்லை. ஆனால் அடுத்த மாதமே அதே கரைப் பிள்ளைகளின் மாதிரிகள் எங்கள் லேப்புக்கு வந்தன. சிறுநீரில் ரத்தம் வருகிற வகையில் முட்டையின் நுனியில் ஒரு முள் இருக்கும். குடலையும் ஈரலையும் கெடுக்கிற வகையில் அந்த முள் பக்கவாட்டில் நிற்கும். ஏரிக் கரையில் அதிகம் கண்டது இந்த இரண்டாவது. சிறுநீர் மாதிரியை நடுப்பகலை ஒட்டி, காலை 10 மணிக்கும் பிற்பகல் 2 மணிக்கும் இடையில் வாங்க வேண்டும், அப்போதுதான் முட்டை அதிகம் வரும். காலையில் வந்து நிற்கிற அம்மாவிடம் "பிள்ளையைக் கொஞ்சம் ஓடியாட விட்டு அப்புறம் கூட்டி வாருங்கள்" என்று சொல்லக் கற்றுக்கொண்டேன்.

பிரசிகுவான்டல் என்ற மாத்திரையில் இது குணமாகும். ஏரியில் இறங்கியவர்களுக்கு நாலைந்து வாரம் கழித்துக் காய்ச்சல், இருமல், உடம்பெல்லாம் தடிப்பு வரலாம். அதற்குள் ஊருக்கு வந்திருந்தால் இங்கே யாருக்கும் சட்டென்று அந்த நோய் நினைவுக்கு வராது. நீங்கள்தான் ஏரியைச் சொல்ல வேண்டும்.

யானைக்காலுக்கு நம் ஊரில் கொடுக்கும் மாத்திரையை அங்கே கொடுப்பதில்லையாமே?

ஆமாம். நம் ஊரில் டிஇசி மாத்திரையோடு குடற்புழு மாத்திரை அல்பென்டசோல் கொடுத்தார்கள். ஆப்பிரிக்காவின் பல நாடுகளில் டிஇசி-க்குப் பதில் ஐவர்மெக்டின் கொடுக்கிறார்கள். அங்கே 'ஆற்றுக் குருடு' என்ற இன்னொரு புழு நோயும் இருக்கிறது. அந்தப் புழு உள்ள உடம்பில் டிஇசி போனால் தோலிலும் கண்ணிலும் இருக்கும் குஞ்சுகள் ஒரே நேரத்தில் செத்து, அரிப்பும் காய்ச்சலும் வீக்கமும் வந்து, கண்ணே கெட்டுப்போகலாம். நோய் ஒன்றுதான், கொசு கடித்து வருவதும் ஒன்றுதான், பக்கத்தில் வேறு என்ன நோய் இருக்கிறது என்பதைப் பொறுத்து மருந்து மாறுகிறது. வெப்பமண்டல மருத்துவத்தில் எனக்கு மிகவும் பிடித்த பாடம் இது.

ஒன்று மட்டும் இரண்டு ஊரிலும் மாறவில்லை. ரத்தத்தை இரவு 10 மணிக்கு மேல்தான் எடுக்க வேண்டும், பகலில் அந்தப் புழுக்குஞ்சு வெளியே வராது. சின்ன வயதில் எங்கள் தெருவில் ராத்திரி டார்ச் அடித்துக்கொண்டு ரத்தம் எடுக்க வந்தவர்களைப் பார்த்து ஓடி ஒளிந்தது அங்கே நினைவுக்கு வந்தது.

மதுரைப் பேரில் ஒரு நோய் இருக்கிறது என்கிறார்களே, உண்மையா?

உண்மை. சூடானிலிருந்து ஒரு டாக்டர் எங்கள் மருத்துவமனைக்கு வந்திருந்தார். எந்த ஊர் என்று கேட்டார். ராமநாதபுரம் என்றால் தெரியாதே என்று "மதுரைப் பக்கம்" என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. "மதுராவா? மதுரா ஃபுட்டின் மதுராவா?" என்று எழுந்து நின்று கை கொடுத்தார். அவர் நாட்டுத் தலைநகர் கார்ட்டூமில் அந்த ஒரு நோய்க்கென்றே 1991-ல் ஓர் ஆராய்ச்சி மையம் தொடங்கியிருந்தார்கள். எனக்கோ நம் பக்கத்து ஊர்ப் பெயரில் ஒரு நோய் இருப்பதே அன்றைக்குத்தான் தெரியும். வெட்கமாக இருந்தது.

1842-ல் மதுரையில் இருந்த கில் என்ற ஆங்கிலேய மருத்துவர் இதை எழுதிவைத்தார். அதனால் 'மதுரா பாதம்' என்று பெயர். இப்போது மைசெட்டோமா என்கிறார்கள். 2016-ல் உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியலிலும் சேர்ந்துவிட்டது. முள் குத்திய இடத்தின் வழியாக மண்ணில் உள்ள பூஞ்சையோ பாக்டீரியாவோ உள்ளே போகும். மெல்ல மெல்லப் பாதம் வீங்கும். வலி இருக்காது, அதுதான் ஆபத்து. பிறகு ஓட்டை ஓட்டையாகத் திறந்து சீழ் வரும். சீழோடு மணி மணியாகக் கறுப்பாகவோ வெள்ளையாகவோ சிவப்பாகவோ ஏதாவது விழும். வீக்கம், ஓட்டை, மணி மூன்றும் சேர்ந்தால் சந்தேகப்பட வேண்டும்.

இதை நம் மாவட்டத்தில் வைத்துப் பாருங்கள். பார்க்கிற இடமெல்லாம் சீமைக்கருவேலம். அதை வெட்டிக் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கிற குடும்பங்கள் எத்தனை. முள் குத்தாத கால் இல்லை. ஊருக்கு வந்த பிறகு கரிமூட்டத்தில் வேலை பார்க்கும் ஒரு பெரியவரின் காலைப் பார்த்தேன். "நாலு வருசமா இப்படித்தான் தாயி, வலியே இல்லை, அப்புறம் எதுக்கு ஆஸ்பத்திரி" என்றார். கட்டுத் துணியைப் பிரித்தபோது அதில் கடுகு சிந்தினதுபோலக் கறுப்பு மணிகள் ஒட்டியிருந்தன. கையோடு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம்.

அந்த மணியைச் சோதிக்காமல் காலில் கத்தி வைக்க விடாதீர்கள். பாக்டீரியா என்றால் ஆன்டிபயாடிக்கிலேயே நன்றாகக் கேட்கும். பூஞ்சை என்றால் பல மாதம், சிலருக்கு ஒரு வருடம்கூட மாத்திரை, அதோடு அறுவை சிகிச்சையும் வேண்டியிருக்கும். கட்டுத் துணியைக் கழுவிவிட்டுப் போகாதீர்கள், அப்படியே கொண்டுபோங்கள். லேப்புக்கு அதுதான் சாட்சி.

சிக்குன்குனியா எந்த ஊர்ச் சொல்?

தெற்குத் தான்சானியாவில் பேசும் மகொண்டே மொழிச் சொல். 1952-53-ல் அங்கே அந்தக் காய்ச்சல் பரவியபோது வைத்த பெயர், உடம்பு வளைந்து முறுக்கிப் போவதைச் சொல்வது. 2006-ல் நம் ஊர்களில் வீட்டுக்கு வீடு ஆட்கள் குனிந்து நடந்ததை அங்கே ஒரு மகொண்டே அம்மாவிடம் சொன்னேன். "போலே, போலே" என்றார். நாம் 'ஐயோ பாவம்' என்போமே, அதுதான்.

அங்கே பாம்பு கடித்தால் நம் ஊர் விஷமுறிவு மருந்து வேலை செய்யுமா?

செய்யும் என்று நம்பக் கூடாது. நம் நாட்டு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்தை வைத்துச் செய்தது. மாமல்லபுரம் அருகே இருளர் கூட்டுறவுச் சங்கத்தார் எடுத்துக் கொடுக்கும் விஷம் அதற்குப் போகிறது. ஆப்பிரிக்கப் பாம்புகளுக்கு அந்த ஊர் விஷத்தில் செய்த மருந்துதான் வேண்டும்.

வலை இழுக்கிறவர்களுக்கு இதோடு ஒன்று: கடல் பாம்பின் விஷத்துக்கும் அந்த நால்வகை மருந்து கேட்காது. கடித்த இடத்தில் வலிகூடத் தெரியாது. சில மணி நேரத்தில் உடம்பெல்லாம் தசை வலிக்கும், சிறுநீர் கறுக்கும். கறுத்தபின் யோசித்துக்கொண்டு கரையில் உட்காராதீர்கள். மூச்சுக்கு மெஷினும் சிறுநீரகத்துக்கு டயாலிசிஸும் உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கே போங்கள்.

கிளம்பும் முன் என்னென்ன ஊசி போட வேண்டும்?

ஹெபடைடிஸ் பி மூன்று ஊசியும் முடிந்திருக்க வேண்டும். மருத்துவமனை வேலைக்கு இது கட்டாயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது ஊசிக்கு ஆறு மாதம் ஆகும், விசா வந்த பிறகு ஓடினால் முடியாது. டைபாய்டு, டெட்டனஸ் ஊசிகளையும் டாக்டரிடம் கேட்டுப் போடுங்கள்.

மஞ்சள் காய்ச்சல் ஊசி தனிக் கதை. அது மஞ்சள் காமாலை அல்ல, கொசுவால் வரும் வேறு நோய். நம் நாட்டில் அந்த நோய் இல்லை, ஆனால் அதைப் பரப்பக்கூடிய ஏடிஸ் கொசு வீட்டுக்கு வீடு இருக்கிறது. அதனால்தான் அந்த நோய் உள்ள நாடுகளிலிருந்து ஊசிச் சான்று இல்லாமல் வந்தால் விமான நிலையத்தில் 6 நாள் வரை தனிமைப்படுத்துகிறார்கள். நீங்கள் வேலை பார்க்கும் நாட்டை மட்டும் பார்த்தால் போதாது, கென்யா, எத்தியோப்பியா வழியாக விமானம் மாறினாலும் இந்தக் கேள்வி வரும். ஊசி போட்ட 10-ஆம் நாளிலிருந்துதான் சான்று செல்லும். 2016 முதல் அது ஆயுள் முழுவதற்கும் போதும். எல்லா ஆஸ்பத்திரியிலும் போட மாட்டார்கள், அரசு அனுமதித்த மையங்களில் மட்டும். சென்னை கிண்டியில் கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். ராமேஸ்வரத்திலிருந்து ரயிலேறும் முன் ஊசி இருப்பு இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போங்கள்.

மலேரியா வராமல் இருக்க மாத்திரை உண்டா?

உண்டு. ஆனால் பழைய குளோரோகுயின் ஆப்பிரிக்கப் பால்சிபாரத்துக்கு உதவாது. எது, எத்தனை நாள் என்பதை உங்கள் ஈரல், சிறுநீரகம், கர்ப்பம் எல்லாம் பார்த்து டாக்டர் சொல்ல வேண்டும். வருடக்கணக்கில் தங்குகிறவர்கள் பலர் மாத்திரையை விட்டுவிட்டு மருந்து தோய்த்த கொசுவலையை நம்பியிருப்பார்கள். அந்தக் கொசு ராத்திரி கடிக்கிற கொசு. வலையை மெத்தைக்கு அடியில் நன்றாகச் செருக வேண்டும். நைட் டியூட்டி பார்க்கிறவர்களுக்கு வலை கிடையாது, முழுக்கைச் சட்டையும் பூசும் மருந்தும்தான். என் தோழிகளில் மலேரியா வந்தவர்கள் எல்லோருமே நைட் டியூட்டிக்காரர்கள்.

எபோலா, மார்பர்க் என்று பயமாக இருக்கிறது. ஊசி குத்திக்கொண்டால்?

எபோலாவைப் போன்ற கொடிய தொற்றுக் காய்ச்சல்தான் மார்பர்க். தான்சானியாவில் ககேரா பகுதியில் 2023-லும் 2025-லும் அது வந்தது உண்மை. இரண்டு தடவையும் சில மாதங்களில் அடக்கிவிட்டார்கள். ஆனால் லேப்பில் தினமும் பக்கத்தில் இருப்பது எச்ஐவி, ஹெபடைடிஸ், காசநோய். நோயாளிக்குப் போட்ட ஊசி தவறி உங்கள் கையில் குத்தினால் அழுத்திப் பிழியாதீர்கள். சோப்புத் தண்ணீரில் கழுவி, வெட்கப்படாமல் உடனே சொல்லுங்கள். எச்ஐவி தடுப்பு மருந்தை முடிந்தால் இரண்டு மணி நேரத்துக்குள், எப்படியும் 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் சாப்பிட வேண்டும். 'நாளைக்குப் பார்ப்போம்' என்று இருந்துவிட்ட ஒரு பெண்ணை எனக்குத் தெரியும். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனால் ஆறு மாதம் அவள் தூங்கவில்லை.

மொழி தெரியாமல் எப்படிச் சமாளிப்பது?

லேப்பில் ஆங்கிலம் போதும். ஆனால் நோயைக் கற்க அந்த ஊர் மொழி வேண்டும். ஓர் உதாரணம் போதும்.

மலேரியா மூளையைத் தாக்கினால் குழந்தைக்கு வலிப்பு வரும். சுவாஹிலியில் 'டெகெடெகெ' என்பார்கள். அந்தச் சொல் வந்துவிட்டால் பல வீடுகளில் அது காய்ச்சல் கணக்கில் சேராது, காற்றுக் கருப்பு கணக்கில் போய்விடும். முதலில் நாட்டு வைத்தியர் வீட்டுக்குத்தான் போவார்கள். ஊசி போட்டால் பிள்ளை செத்துவிடும் என்றும் ஒரு பயம் உண்டு. அந்தப் பயம் எப்படி வந்தது என்றால், எல்லாம் முடிந்த நிலையில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து, ஊசி போட்ட கொஞ்ச நேரத்தில் பிள்ளை போய்விடுவதைப் பார்த்துப் பார்த்து வந்தது.

எனக்கு அவர்கள் மேல் கோபம் வரவில்லை. எங்கள் ஆச்சி, வலிப்பு வந்த பிள்ளை கையில் இரும்புச் சாவியைத் திணித்ததை நான் பார்த்திருக்கிறேன். அங்கே ஒரு நர்ஸ் இருந்தாள். பாட்டிமாரைப் பார்த்தால் முதலில் "ஷிகமூ" என்று பணிந்து வணக்கம் சொல்வாள், அவர்கள் "மரஹபா" என்று சொல்லும்வரை அடுத்த பேச்சு பேச மாட்டாள். அப்புறம்தான் "டெகெடெகெ எப்போது வந்தது, காய்ச்சல் அதற்கு முன்பா பின்பா" என்று கேட்பாள். "காய்ச்சல் இருக்கிறதா" என்று மட்டும் கேட்ட எங்களுக்குக் கிடைக்காத பதில் அவளுக்குக் கிடைக்கும்.

இதையே படிப்பாகப் படிக்க எங்கே போகலாம்?

டாக்டர்களுக்கு லிவர்பூலிலும் லண்டனிலும் டிப்ளமோ உண்டு, செலவு அதிகம். கொல்கத்தாவில் நூறு வருடத்துக்கு மேலான வெப்பமண்டல மருத்துவப் பள்ளி இருக்கிறது. கொசு, பூச்சி பக்கம் ஆர்வம் உள்ளவர்களுக்குப் புதுச்சேரியில் ஐசிஎம்ஆர் என்ற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்தும் நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் நம் வாசலிலேயே இருக்கிறது. பிஎஸ்சி விலங்கியல் படித்துவிட்டு வீட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது அதைத்தான், அங்கே பூச்சியியல் முதுகலைப் படிப்பு உண்டு.

"எம் புள்ளை நர்ஸ் வேலைக்கு ஆப்பிரிக்கா போறேங்கிறா. அனுப்பலாமாத்தா?"

தேவிபட்டினத்திலிருந்து ஓர் அம்மா இதைக் கேட்கவே பஸ் ஏறி வந்தார். அனுப்புங்கள் என்றுதான் சொன்னேன். நோயைப் பற்றிய பயத்தைவிட ஏஜென்ட் பற்றிய பயம் அதிகம் இருக்க வேண்டும் என்றும் சொன்னேன். என்னிடம் ஒருவர் 'பதிவெல்லாம் அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்' என்று பணம் வாங்கினார். போய் நான்கு மாதம் அந்த நாட்டுப் பதிவு இல்லாமல் சும்மா உட்கார்ந்திருந்தேன், சம்பளமும் இல்லை. வேலை அனுமதி, அந்த நாட்டுக் கவுன்சில் பதிவு, ஒப்பந்தத்தில் மருத்துவச் செலவு யார் பொறுப்பு, இந்த மூன்றையும் காகிதத்தில் பார்த்த பிறகு டிக்கெட் போடுங்கள். தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தையும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

ஊருக்குத் திரும்பிய பிறகு காய்ச்சல் வந்தால்?

இந்த ஒரு கேள்விக்காகத்தான் இவ்வளவையும் எழுத உட்கார்ந்தேன்.

எங்கள் சொந்தக்காரத் தம்பி ஒருவன் மொசாம்பிக்கில் கட்டட வேலை பார்த்துவிட்டு வந்தான். வந்த ஒன்பதாம் நாள் காய்ச்சல். ஒரு தனியார் கிளினிக்கில் வைடால் டெஸ்ட் எடுத்து டைபாய்டு என்று நான்கு நாள் ஊசி போட்டார்கள். நம் ஊரில் முன்பு எப்போதாவது டைபாய்டு வந்தவர்களுக்கும் வைடால் பாசிட்டிவ் காட்டும், அதை வைத்து முடிவு செய்ய முடியாது. நான் பார்க்கப் போனபோது அவன் கண் மஞ்சளாக இருந்தது, பேச்சு குழறியது. "டாக்டர்கிட்ட எங்கேயிருந்து வந்தேன்னு சொன்னியாடா?" என்று கேட்டேன். "அவங்க கேக்கலையேக்கா" என்றான்.

அரசு மருத்துவமனையில் ஸ்லைடு போட்டால் பால்சிபாரம் நிறைந்து கிடந்தது. ஆர்டிசுனேட் ஊசி ஏற்றினார்கள். சீனப் பழமருந்துச் செடி ஒன்றிலிருந்து து யூயூ என்ற பெண் விஞ்ஞானியின் குழு பிரித்தெடுத்த மருந்தின் வழி வந்தது அது, 2015-ல் அவருக்கு நோபல் கொடுத்தார்கள். மூன்றாம் நாள் எழுந்து உட்கார்ந்து மீன் குழம்பு கேட்டான். இன்னும் இரண்டு நாள் தள்ளியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே கை நடுங்குகிறது. அந்த ஊசி போட்டவர்களுக்கு ஒரு வாரம் கழித்து ரத்தம் திடீரென்று குறையலாம். அதனால் ஒரு மாதம் வரை வாரம் ஒருமுறை ரத்தம் பார்க்கச் சொன்னார்கள், பார்த்தோம்.

நான் வேலை பார்த்த இடத்தில் காய்ச்சல் என்று யார் வந்தாலும் டாக்டரின் முதல் கேள்வி "எங்கே போயிருந்தீர்கள்?" என்பதுதான். ஏரித் தீவா, மலைப் பக்கமா, எத்தனை நாள் முன்பு? இங்கே கூட்டத்தில் அந்தக் கேள்வி விட்டுப்போகிறது. கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். ஒரு சீட்டில் எழுதி பர்ஸில் வையுங்கள்: எந்த நாடு, என்றைக்குத் திரும்பினேன், நன்னீரில் இறங்கினேனா, தடுப்பு மாத்திரை சாப்பிட்டேனா. காய்ச்சல் வந்த அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் "மலேரியா ஸ்லைடு எடுங்கள்" என்று கேளுங்கள், காசு கிடையாது. பால்சிபாரம் பெரும்பாலும் ஒரு மாதத்துக்குள் வந்துவிடும். மூன்று மாதம் வரை கவனம் வேண்டும். வைவாக்ஸ் ஈரலில் தூங்கிக் கிடந்து பல மாதம் கழித்தும் எழும். அதற்குப் பிரைமாகுயின் 14 நாள் முழுக்கச் சாப்பிட வேண்டும், அதற்கு முன் ஜி6பிடி குறைபாடு (அது உள்ளவர்களுக்கு இந்த மாத்திரையால் ரத்த அணுக்கள் உடையலாம்) இருக்கிறதா என்று ரத்தம் பார்க்கச் சொல்லுங்கள். நிலவேம்புக் கசாயம் குடிக்கிறவர்கள் குடியுங்கள், ரத்தம் கொடுத்துவிட்டு வந்து குடியுங்கள்.

நம் கரையில்தான் மலேரியா போய்விட்டதே, இனி என்ன கவலை?

குறைந்திருக்கிறது. ராமேஸ்வரம் தீவில் ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு குளிர்காய்ச்சல். சவுக்குத் தோப்புக்குத் தண்ணீர் இறைக்கத் தோண்டிய குழிகளில் கொசு பெருகியதை ஆராய்ச்சியாளர்கள் 1980-களில் எழுதிவைத்திருக்கிறார்கள். எதிர்க்கரை இலங்கை 2016-ல் மலேரியா இல்லாத நாடு என்று சான்று வாங்கிவிட்டது. ஆனால் அதே வருடக் கடைசியில் மன்னார்த் தீவில், நமக்கு நேர் எதிரே, மலேரியாவைப் பரப்பும் ஸ்டீபன்சி என்ற கொசுவைக் கிணறுகளில் கண்டுபிடித்தார்கள். அது நம் நாட்டு நகரங்களின் கொசு. ஆப்பிரிக்காவிலும் 2012-ல் ஜிபூட்டியில் தென்பட்டு, பிறகு எத்தியோப்பியாவுக்கும் போய்விட்டது. குளம் குட்டை அதற்குத் தேவையில்லை, மாடித் தொட்டியும் கிணறும் போதும்.

கிருமியோடு ஓர் ஆள் வந்து இறங்கி, கடிக்க அந்தக் கொசு இருந்தால் இங்கே மறுபடி ஆரம்பிக்கும். நம் மாவட்டத்தில் தண்ணீர் வருகிற அன்றைக்குப் பிடித்து டிரம்மிலும் தொட்டியிலும் நிரப்பித்தான் வாழ்கிறோம். அதை விட முடியாது. மூடி போட முடியும். தொட்டி மூடி உடைந்திருந்தால் பழைய கொசுவலைத் துணியை இரண்டாக மடித்துக் கட்டுங்கள். வாரம் ஒருமுறை டிரம்மைக் கவிழ்த்து உள்பக்கச் சுவரைத் தேங்காய் நாரால் தேயுங்கள். ஏடிஸ் கொசுவின் முட்டை காய்ந்த சுவரில் மாதக்கணக்கில் உயிரோடு ஒட்டியிருக்கும், தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போகாது. கிணற்றுக்கு, கொசுப்புழுவைத் தின்னும் கம்பூசியா மீன் வேண்டுமென்றால் சுகாதார ஆய்வாளரிடம் கேளுங்கள், எங்கள் தெருக் கிணற்றில் அவர்தான் கொண்டுவந்து விட்டார்.